போர்டில் உள்ள விலை

"…எல்லாம் சரி தம்பி, ஆனா அது என்ட விலை இல்லயே. அரசாங்கம் வெச்ச விலைய என்ட விலையெண்டு எழுதி, அதுக்குக் கீழ நான் எப்பிடிக் கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டுவிட்டு ராத்தா பேனையை மூடினார்.

அந்தப் பேனை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டாரில் வேலை செய்த அவருடைய மருமகன் கொண்டுவந்து கொடுத்தது. பொன்னிற மூடி, கையில் எடுத்தால் நல்ல கனம், எழுதினால் ஊதா நிற மை. அந்த மை எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. மருமகன் விடுமுறையில் வரும்போது பேரீச்சம்பழத்தோடு அதற்கு மைக்குழாயும் வாங்கிவருவார். நாங்கள் எண்ணெய் செட் என்று சொல்லும் ராத்தாவின் எரிபொருள் நிலையத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த மேசைமேல் எங்கள் பிரதேச சபையின் விலைமனுப் படிவம் விரித்துக் கிடந்தது. செட்டின் பெயர், பதிவு இலக்கம், முகவரி எல்லாம் ஊதா மையில் முத்து முத்தாக நிரம்பியிருந்தன. 'ஒரு லீற்றர் டீசலின் விலை' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. வெளியே என் தண்ணீர் வண்டியான பவுசர் நின்றது. உள்ளே நான், வெயிலுக்கு வியர்க்கிறதா பயத்துக்கு வியர்க்கிறதா என்று தெரியாமல், கதிரை நுனியில் இருந்தேன்.

நான் மூதூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் தண்ணீர்ப் பவுசர் ஓட்டியவன். கிணறுகள் உவர்த்துப்போன ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது என் வேலை. சென்ற வருடம் ஓய்வு பெற்று, இப்போது திருகோணமலை லிங்கநகரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மிச்சத்தைப் பவுசரின் பக்கத்துச் சீட்டில் ஏறி வந்தவர்களின் கதையைக் கேட்டுப் படித்தேன். அப்படி நான் கேட்டுச் சேர்த்த கதைகளில் பாதி ராத்தாவுடையது. எங்கள் பக்கத்து முஸ்லிம் சனங்கள் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். அவருடைய உடன்பிறப்புகள் கூப்பிட்டது ஊருக்குத் தொற்றி, பிறகு அந்த வீதியில் போகிற தமிழ் ஆட்களுக்கும் தொற்றி, கடைசியில் அவரைவிட வயது மூத்தவர்களே அவரை ராத்தா என்று கூப்பிட்டார்கள். கணவர் இறந்தபின் அந்தச் செட்டை ஏற்று நடத்தினார். வேலைக்கு ஒருவர் இருந்தார். அவர் வராத நாளில் ராத்தாவே முந்தானையை இறுக்கிக்கொண்டு வந்து பம்பைப் பிடிப்பார்.

சபை ஒன்று எண்ணெய் வாங்குகிற முறை வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. குப்பை அள்ளும் உழவு இயந்திரம், வாய்க்கால் தோண்டும் பெக்கோ, தெருவிளக்குத் திருத்தப் போகிற வண்டி, என் பவுசர், இவற்றில் ஒன்றுகூடக் கையில் காசோடு செட்டுக்குப் போவதில்லை. காலையில் செயலாளர் ஒரு துண்டில் வாகன இலக்கத்தையும் எத்தனை லீற்றர் என்பதையும் எழுதிக் கையெழுத்து வைப்பார். அதற்கு எங்கள் வாயில் பெயர் 'ஓடர்'. ஓடரைக் கொடுத்தால் செட்டில் எண்ணெய் அடிப்பார்கள். மாதம் முடிய செட்டுக்காரர் எல்லா ஓடர்களையும் சேர்த்துச் சபைக்கு அனுப்ப, கணக்குப் பிரிவில் ஒவ்வொரு வண்டியும் ஓடிய தூரத்தோடு அதை ஒத்துப்பார்த்துக் காசோலை எழுதுவார்கள். அதாவது சபை தன் வாக்கைக் கொடுத்து எண்ணெய் வாங்குகிறது, செட்டுக்காரர் அந்த வாக்கை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணெய் கொடுக்கிறார். உழவு இயந்திரம் ஓட்டிய என் கூட்டாளி இதைத் தன் பாணியில் சொல்வான்: "எங்கட வண்டியெல்லாம் செயலாளர்ர கையெழுத்திலதான் மச்சான் ஓடுது. டீசல் சும்மா ஒரு வாசத்துக்கு."

ராத்தாவின் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பம்பின் முகத்தில் முன்னே போனவரின் கணக்கு அழிந்து சைபர் வரவேண்டும். அந்தச் சைபரைச் சாரதி இறங்கி வந்து தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தேன் என்று வாயால் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய் இறங்கும். இது எல்லாச் செட்டிலும் உள்ளதுதான், ஆனால் மற்ற இடங்களில் பம்புக்காரர் விரலைக் காட்டுவார், நாங்கள் தலையை ஆட்டுவோம், காரியம் முடிந்துவிடும். ராத்தாவிடம் அந்தப் பருப்பு வேகாது. ஒருநாள் களைப்பில் சீட்டில் இருந்தபடியே "பாத்தாச்சு ராத்தா" என்றேன். "எங்கயிருந்து பாத்த? உங்கட கண்ணுக்குக் கழுத்து முளைச்சிரிக்கோ?" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். "இப்பதான் இது உங்கட டீசல்" என்று சொல்லி அடித்தார்.

எரிபொருள் தட்டுப்பாடு நாட்டையே வீதியில் நிறுத்திய காலத்தில் அந்தச் சைபர் என்னை ஒரு பெரிய சண்டையிலிருந்து காப்பாற்றியது. செட் வாசலிலிருந்து கடற்கரைப் பள்ளம்வரை மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வரிசையாக நிற்க, சபையின் ஓடரோடு நான் பவுசரை ஓரத்தால் முன்னுக்குக் கொண்டுபோனேன். அத்தியாவசிய சேவைக்கு முதலிடம் என்பது மேலிடத்து உத்தரவு. ஆனால் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்பவனுக்கு உத்தரவு எதற்கு? ஒருவர் கத்தினார்: "தண்ணி வண்டிதானே, தண்ணிய ஊத்தி ஓட்டுங்களன்!" வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்முன் இன்னொருவர், உயரமான மனிதர், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கிவந்து என் கதவில் தட்டினார். "சபையெண்டாக் கொம்பு முளைச்சிரிக்கோ?" நான் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ராத்தா கூட்டை விட்டு வெளியே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கொம்பு இல்ல வாப்பா, குழாய்தான் இரிக்கி. பின்னால போய்ப் பாருங்க. அந்தக் குழாயாலதான் உங்கட ஊட்டுக் குடத்துக்குத் தண்ணி வருது." பிறகு அந்த உயரமான மனிதரையே பம்பருகே கூப்பிட்டார். "வாங்க, இண்டைக்கு நீங்க சைபர் பாருங்க. ஓடர்ல இரிக்கிறதுக்கு ஒரு சொட்டுக் கூடினாலும் கத்துங்க, நானும் உங்களோட சேந்து கத்துறன்." அவர் குனிந்து சைபர் பார்த்தார். முழு நேரமும் பம்பின் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். அடித்து முடிந்ததும், யாரும் சொல்லாமலே வீதிக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து ஓட்டோக்களை மறித்து, "விடுங்கப்பா, தண்ணி வண்டி போகட்டும்!" என்று எனக்கு வழி எடுத்துத் தந்தார். ஒரு மனிதனின் கோபத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அது எப்படி மாறிவிடுகிறது என்று அன்று பார்த்தேன்.

தட்டுப்பாடு தீர்ந்து சில காலத்தில் பிரதான வீதிச் சந்தியில் புதிய செட் ஒன்று வந்தது. உயரமான கூரை, வெள்ளை வெளிச்சம், கழிப்பறை, குளிர்பானக் கடை. பஸ்ஸும் லொறியும் அங்கே திரும்பிவிட்டன. கடைத்தெருவில் கூட்டுறவுச் சங்கத்தின் செட் ஏற்கனவே இருந்தது. ராத்தாவின் செட் பழைய கடற்கரை வீதியில் இருந்ததால், மிஞ்சியது அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு வரும் மீனவர்களும் எங்கள் சபையும்தான். விற்பனை குறைந்தால் எண்ணெய் கொண்டுவரும் பெரிய பவுசர் அரைகுறைத் தேவைக்கு வராது. அது வராவிட்டால் செட்டின் எண்ணெய்த் தாங்கி காயும். தாங்கி காய்ந்தால் செட்டை நடத்தும் உரிமையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ராத்தா இதை ஒருநாள் பிளேன்ரீ ஆற்றிக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: "சபையும் போனா, பம்பக் கழட்டிக் குடுத்திட்டு ஊட்டுல இரிந்து பேரப்பிள்ளைக்குச் சைபர் காட்ட வேண்டியதுதான்." சிரித்தார்தான். ஆனால் அன்று எனக்கு ஊற்றிய பிளேன்ரீயில் சீனி போட மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சபைக்குப் புதிய செயலாளர் வந்தார். திருகோணமலை நகரத்து மனிதர். நல்லவர், கடுமையாகப் பேசத் தெரியாதவர், ஆனால் விதி என்றால் விதி. எத்தனையோ வருடமாக ஏன் ஒரே செட்டில் எண்ணெய் வாங்குகிறீர்கள், மூன்று இடத்தில் விலை கேட்டீர்களா என்று கணக்காய்வில் ஒரு கேள்வி வந்திருந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "நான் ராத்தாவைப் பிழை சொல்லேல்லை. ஆனால் கேக்காமல் வாங்கினால் நான்தானே பதில் சொல்லவேணும்? நீங்கள் எப்பிடியும் டீசலுக்குப் போறீங்கள். மூண்டு இடத்திலயும் இந்தப் படிவத்தைக் குடுத்து, ஒட்டின கவராகக் கையோட வாங்கிக்கொண்டு வாங்கோ. நாளைக்குக் காலமை பெட்டி திறக்கிறம்."

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் நாட்டில் டீசல் விலையைச் செட்டுக்காரர் வைப்பதில்லை. மேலிடத்தில் தீர்மானிப்பார்கள், மாத முடிவில் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். அதே இலக்கம் எல்லாச் செட் வாசலிலும் போர்டில் பெரிதாகத் தொங்கும். ஆகவே மூன்று பேரிடம் ஒரே விலையைக் கேட்டு, அந்த மூன்றில் எது குறைந்தது என்று பார்க்கவேண்டும். இதைச் செயலாளரிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "விளங்குது. விலை ஒண்டாய் வந்தால் தூரத்தைப் பாப்பம். அதுக்குத்தான் நாளைக்கு நீங்களும் வந்து இருக்கவேணும்."

அந்தப் படிவத்தோடு போனபோதுதான் ராத்தா நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். "ராத்தா, போர்டில இருக்கிற இலக்கத்தைப் பாத்து எழுதுங்கோ, எல்லாரும் அதைத்தான் எழுதுவினம்" என்று கெஞ்சினேன். "கட்டத்தை வெறுமையா விட்டால் கவரைத் தள்ளிப்போடுவினம்" என்றும் சொன்னேன். சபை போனால் செட் போகும் என்று அவர் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கடைசியில் ஏதோ எழுதினார். கை மறைத்ததால் என்னவென்று நான் பார்க்கவில்லை. இலக்கம்தான் எழுதியிருப்பார் என்ற நினைப்பில் மற்ற இரண்டு செட்டுக்கும் போய், மூன்று கவர்களையும் பின்னேரம் சபைப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் மாதத்தின் முதல் நாள். செயலாளர், கணக்குப் பிரிவில் நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பெண், சங்கத்துச் செட் முகாமையாளர், சந்திச் செட்டின் இளம் முகாமையாளர், மூலையில் நான். ராத்தா வரவில்லை, வேலையாள் லீவு, செட்டை மூடிவிட்டு வர மனம் வரவில்லை. செயலாளர் சங்கத்துக் கவரைத் திறந்து விலையை வாசித்தார். தங்கச்சி எழுதப் போனவர் நிறுத்தினார்.

"சேர், இது நேற்றைய விலை. ராத்திரியோட குறைஞ்சிட்டுது."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதல்நாள் இரவோடு டீசல் விலையைக் குறைத்திருந்தார்கள். காலையில் வானொலியில் நானும் கேட்டேன், சந்தோஷப்பட்டேன், கவர்களோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை. "எழுதேக்க அதுதானே சேர் விலை!" என்றார் சங்கத்து முகாமையாளர், மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு. அடுத்த கவரிலும் அதே பழைய விலை. "வெட்டிப்போட்டுப் புது விலையை எழுதட்டோ சேர்?" என்று கேட்டார் சந்திச் செட்டுக்காரர். "பெட்டி திறந்தாப் பிறகு வெட்ட ஏலாது தம்பி. அரசாங்கம் வைச்ச விலைக்கு மேலால சபை வாங்கவும் ஏலாது" என்றார் செயலாளர்.

மூன்றாவது ராத்தாவின் கவர். செயலாளர் படிவத்தை விரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு உரக்க வாசித்தார்: "போர்டில் உள்ள விலை."

"இலக்கம் இல்லையே சேர்" என்றார் தங்கச்சி.

"இலக்கம் இல்லைத்தான். ஆனால் மூண்டிலயும் இண்டைக்குச் சரியாய் இருக்கிறது இது ஒண்டுதான்."

என் மனத்திலிருந்த பாரம் இறங்கியது. ஆனால் அது முழுதாக இறங்குமுன் செயலாளர் மூன்று படிவங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவர் முகம் மாறியது. மூன்றும் ஊதா மை. "இதென்ன, மூண்டும் ஒரே மையில கிடக்கு?" என்றார். குரல் மெல்லியதுதான், ஆனால் அறை குளிர்ந்துவிட்டது. மூன்று பேர் கூடிப் பேசி, ஒருவர் வெல்ல மற்ற இருவர் பெயருக்கு விலை எழுதிக் கொடுப்பது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. அப்படி என்று பட்டால் மூன்று கவரும் குப்பைக்குப் போகும். வென்றவர்மேல்தான் முதல் சந்தேகம் விழும். ராத்தாவுக்குச் சபையும் இல்லை, நல்ல பெயரும் இல்லை என்று ஆகிவிடும்.

இரண்டு முகாமையாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அங்கே பொன்னிற மூடி மினுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேனையை இதில வையுங்கோ" என்றார் செயலாளர். வைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் கீறிப் பார்த்தார். ஊதா. "ஆற்ற பேனை?" "ராத்தாவின்ர சேர்." "மறந்துபோய்க் கொண்டுவந்திட்டீங்களோ?" "இல்லை சேர்" என்று சொல்லி, முதல்நாள் கண்ணாடிக் கூட்டுக்குள் நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சந்திச் செட்டுப் பிள்ளை எழுந்து நின்று, "ஓம் சேர், பவுசருக்கு முன்பக்கத்தில வைச்சு இவற்ற பேனையாலதான் நான் எழுதினனான்" என்றார். சங்கத்து முகாமையாளர் தலையைச் சொறிந்தார். "என்ர மேசையில பேனை எழுதேல்லை எண்டது ஊருக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். தங்கச்சிதான் முதலில் சிரித்தார். செயலாளர் மூன்று கையெழுத்தையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து, கூட்டக் குறிப்பில் 'பேனை ஒன்று, கைகள் மூன்று' என்று எழுதச் சொன்னார். சபையின் எண்ணெய்க் கணக்கு ராத்தாவிடமே நின்றது. வெளியே வரும்போது சங்கத்து முகாமையாளர் என் தோளில் தட்டி, "விலையே எழுதாத ஆளிட்டத் தோத்திருக்கிறன், வீட்டில சொல்லிப்போடாதை" என்றார். அன்று பின்னேரமே அவராகவே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்துச் செயலாளர், "நானும் ஒருக்கா வாறன்" என்று பவுசரில் ஏறினார். செட்டில் நான் இறங்கினேன், அவர் சீட்டிலேயே இருந்தார். ராத்தா அவரைப் பார்த்தார். "சேரும் இறங்குங்க. கையெழுத்து வெக்கிற ஆள் சைபர் பாக்காட்டி எப்பிடி?" செயலாளர் வேட்டி தடுக்க இறங்கி வந்து குனிந்து பார்த்து, "சைபர்தான்" என்றார். "காது கேக்கல்ல, சத்தமாச் சொல்லுங்க." அவர் சத்தமாகச் சொன்னார். மண்ணெண்ணெய்க்கு நின்ற மீனவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வருடம் சபை அச்சடித்த படிவத்தில் விலைக் கட்டத்துக்குள் 'அன்றைய தினம் போர்டில் உள்ள விலை' என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அதன் கீழே, மழை வெள்ளத்திலும் விடுமுறை நாளிலும் எண்ணெய் தருவீர்களா என்று ஒரு கேள்வி. ராத்தா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுத ஒண்டும் மிச்சம் வெக்கலயே இவங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது இங்கே நகரத்தில் என் மருமகனின் காருக்கு எண்ணெய் அடிக்கப் போனாலும் நான் இறங்கிவிடுவேன். பம்படியில் நிற்கும் பிள்ளை சிரிக்கும்: "என்ன ஐயா, நம்பிக்கை இல்லையோ?" நம்பிக்கை இருப்பதால்தான் பார்க்கிறேன் என்று சொல்வேன். அதற்கு விளங்காது, பரவாயில்லை. போன மாதம் மூதூருக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது பழைய வீதியால் போனேன். செட் இருக்கிறது. போர்டில் இலக்கம் மாறியிருக்கிறது. சபையின் பவுசர் நின்றது, புதிய சாரதி இறங்கிக் குனிந்துகொண்டிருந்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் மேசைமேல் அந்தப் பேனையும் இருந்தது. அதைப் பார்த்ததும், செயலாளருக்கு அன்று நான் சொன்னது அப்படியே திரும்பி வந்தது.

மற்றவர் வைத்த விலைக்கு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது என்று கேட்டுப் பேனையை மூடிய ராத்தா, சற்று யோசித்து, மறுபடி திறந்து, அந்தக் கட்டத்துக்குள் சிறிதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். கவரை ஒட்டி என்னிடம் தந்தார். "இனி எங்க போற?" என்று கேட்டார். "சங்கத்துச் செட்டுக்கு ராத்தா. பிறகு சந்திக்கு. அவையிட்டயும் விலை வாங்கவேணும்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். நான் கூட்டுக் கதவைத் திறந்து கால் வெளியே வைத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நில்லுங்க தம்பி. சங்கத்துக்காரர்ட பேனை எழுதாது. சந்திப் பொடியன் பேனையத் தேடியே பின்னேரமாக்கிருவான். அவங்களும் எழுதத்தானே வேணும்?"

எழுந்து வந்து, அந்தப் பொன்மூடிப் பேனையை என் சட்டைப் பையில் செருகி, விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார்.